மத்தியானத் தட்டான்கள்

புதுப்பட்டினம்
29 செப்டம்பர் 2024

ஆறு கால் ஜீவராசிகள் அனைத்துக்கும் அதிபதியும், என் ஒரே தங்கையின் ஒரே மகளுமான சுஷ்மிதாவுக்கு மாமா சதாசிவம் எழுதுவது.

இங்கே நான், உன் அத்தை ஞானம்மாள், என் சைக்கிள் மூவரும் சௌக்கியம். மூவரில் சைக்கிளுக்கு மட்டும் முட்டி வலி இல்லை. பெங்களூரில் நீயும், கண்ணாடிப் பெட்டிகளில் நீ அடைத்து வைத்திருக்கும் உன் பிரஜைகளும் சுகமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று உன் அம்மா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன். பதிலை அவளுக்கே அனுப்பு.

நாலாவது வருஷ வேலை தொடங்கிவிட்டது. மணல்மேட்டில் இரண்டு சவுக்குக் கழிகளை நாற்பதடி இடைவெளியில் நட்டாயிற்று. நடும்போது அடித்த காற்றில் நான் கழியைக் கெட்டியாகப் பிடித்திராவிட்டால் இந்நேரம் மாமல்லபுரம் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இதை எழுதிக்கொண்டிருப்பேன். சட்டதிட்டம் எல்லாம் நீ போட்டதுதான். காலை எட்டு, மத்தியானம் பன்னிரண்டு, மாலை நாலு; வேளைக்குப் பத்து நிமிடம். வடக்கேயிருந்து தெற்கே, இரண்டு கழிகளுக்கும் நடுவே கடந்து போகும் தட்டான்களை ஒவ்வொன்றாகக் கைக்கருவியின் பொத்தானில் அமுக்கி எண்ண வேண்டும். மணலில் செருகிய தெர்மாமீட்டர் என்ன சொல்கிறது, மேகமா வெயிலா, அதையும் எழுத வேண்டும்.

மையில் எழுதிய அசல் தாள்கள்தான் வேண்டும் என்று உன் ஆராய்ச்சிக் கைடு அடம்பிடிப்பதால் தபாலில் அனுப்புகிறேன். கவரில் இடம் இருக்கிறதே என்று இந்தக் கடிதமும் ஓசிப் பயணம் வருகிறது. பதிலும் கடிதமாகவே வர வேண்டும். கைப்பேசியில் நீ அனுப்பும் கட்டைவிரல் படத்தைப் பதிலாக இந்தச் சமஸ்தானம் ஏற்காது.

நேற்று மாலை கடந்துபோன தட்டான்கள் சுமார் ஒன்றரைக் கோடி. வானம் இருண்டு, கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஓடின. தாளில் நாற்பத்திரண்டு என்று இருக்கும். குழம்பாதே. வாய் என்னுடையது, தாள் உன்னுடையது. முப்பத்துமூன்று வருஷம் கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அளவுமானிகளைப் பார்த்துப் பார்த்து எழுதியவன் நான். கதையில் கூட்டுவேன், கட்டத்தில் கூட்ட மாட்டேன்.

அத்தை புதுச் சுவர்க்கடிகாரம் வாங்கியிருக்கிறாள். பழையதைக் கழற்றப் போனவளைத் தடுத்துவிட்டேன். எங்கள் செக்‌ஷனில் பழைய மீட்டரை அப்படியே பிடுங்கிப் போடுகிற வழக்கமில்லை. புதியதைப் பக்கத்தில் மாட்டி, ஒரு மாதம் இரண்டையும் ஓடவிட்டு, வித்தியாசத்தை எழுதி வைத்த பிறகுதான் பழையதற்கு விடைகொடுப்போம். ஆகவே கூடத்தில் இப்போது இரண்டு கடிகாரம், இரண்டு நேரம். உன் அத்தை தனக்கு வசதியான நேரத்தைப் பார்த்துக்கொள்கிறாள்.

இப்படிக்கு,
புதுப்பட்டினம் மணல்மேட்டுச் சக்கரவர்த்தி, தட்டான்களின் தலைமைச் சுங்க அதிகாரி,
மாமா


பெங்களூர்
8 அக்டோபர் 2024

சுங்க அதிகாரி மாமாவுக்கு,

நானும் பிரஜைகளும் நலம். நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன், எந்த நேரம் என்று மட்டும் அம்மாவிடம் சொல்ல வேண்டாம். அத்தையின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு சந்தோஷமான செய்தி. மூன்று வருஷத் தாள்களையும் கணினியில் ஏற்றி வரைந்து பார்த்தேன். காலை எட்டு மணிக்கோடும் மாலை நாலு மணிக்கோடும் கிட்டத்தட்ட நேராகப் போகின்றன. மத்தியானக் கோடு மட்டும் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது. முதல் வருஷம் நூறு தட்டான் கடந்த மத்தியானத்தில் போன வருஷம் ஐம்பதுகூட இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், மேகம் மூடிய மத்தியானங்களில் எண்ணிக்கை குறையவே இல்லை. வெயில் மத்தியானத்தில்தான் குறைவு. சூடு ஏறுகிற கடற்கரையில் தட்டான்கள் உச்சிவெயிலைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கின்றன என்றுதான் இதற்கு அர்த்தம் சொல்ல முடியும். இந்தக் கரையில் இதை இப்படி யாரும் நாள் தவறாமல் எண்ணிக் காட்டியதில்லை என்கிறார் கைடு.

டிசம்பர் பதினைந்துக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். மார்ச்சோடு என் உதவித்தொகைக் காலம் முடிகிறது. இந்தக் கட்டுரைதான் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு, மாமா. அதனால் இந்த வருஷ மத்தியானங்களை ஒன்றுவிடாமல் எண்ணுங்கள்.

போன கவரில் உங்கள் எழுத்து ஏன் அவ்வளவு பெரிசாக இருந்தது? ஒரு கட்டத்தில் எழுத வேண்டிய எண் மூன்று கட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

அன்புடன்,
சுஷ்மிதா


புதுப்பட்டினம்
20 அக்டோபர் 2024

என் எண்களை ஏணியாக்கி விஞ்ஞானத்தின் மொட்டைமாடிக்கு ஏறிக்கொண்டிருக்கும் மருமகளுக்கு,

அத்தையின் முழங்கால் மழை வரும் நாளை வானிலை நிலையத்துக்கு முன்பாகவே சொல்லிவிடுகிறது. மற்றபடி சௌக்கியம். நானும் சௌக்கியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் கடிதத்தைத் தெருவில் பன்னிரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். அதில் எட்டுப் பேர் தாங்களாகக் கேட்கவில்லை. நாம் இருவரும் சேர்ந்து சூரியனுக்கே நோட்டீஸ் அனுப்பிவிட்டோம் என்று பேச்சாக இருக்கிறது.

எழுத்து பெரிசானது பேனாவின் கொழுப்பு. மாற்றிவிட்டேன்.

மணல்மேட்டுக்குப் பக்கத்திலேயே கருவாடு காயப்போடும் குப்பம்மாவைப் பற்றி எழுதியிருக்கிறேன் அல்லவா. வலை வந்ததும் மீனைக் கூடைக்கு நாலு நாலாக எண்ணிப் போடுகிற வேகத்தில் நம் இருவருக்கும் தலை சுற்றும். முந்தாநாள் மத்தியானம் பத்து நிமிடம் முடித்துத் தாளில் ஏழு என்று போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது. “இன்னா அண்ணாத்த, தலைக்கு மேல இம்மாம் போவுது, நீ சும்மா குந்திகினு கீற?”

எம்மாம் என்று கேட்டேன். முப்பதுக்குக் குறையாது என்றாள். ஏழு என்பதை முப்பதாக்குகிற திறமை இந்தக் கடற்கரையில் எனக்கு ஒருவனுக்குத்தான் உண்டு என்று நினைத்திருந்தேன். போட்டிக்கு ஆள் வந்துவிட்டது. மூன்று வருஷம் என் பக்கத்தில் கருவாடு காயவைத்ததில் என் வாய் அவளுக்கும் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

நேற்று இராத்திரி ரசத்தில் பச்சைமிளகாயைக் கறிவேப்பிலை என்று மென்றுவிட்டேன். கண்ணிலிருந்து வந்த தண்ணீரில் செங்கல்பட்டு ஏரி நிரம்பி மதகு திறந்துவிட்டார்கள். பேப்பரில் வந்திருக்கும், பார்.

இப்படிக்கு,
சூரியனுக்கு நோட்டீஸ் கொடுத்தவன்,
மாமா


பெங்களூர்
28 அக்டோபர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். ஏரி நிரம்பிய செய்தியை இங்கே ஆய்வுக்கூடம் முழுக்கச் சொன்னேன். உங்களுக்கு இங்கே நாலு ரசிகர்கள்.

கட்டுரையின் முதல் வடிவம் முடிந்தது. நன்றி சொல்லும் பகுதியில் உங்கள் பெயர்தான் முதலில். பிப்ரவரியில் நடக்கும் ஒரு கருத்தரங்கில் இதைப் பேச அழைத்திருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கேள்வி. குப்பம்மா முப்பது என்று சொன்னது அக்டோபர் பதினெட்டு மத்தியானம் அல்லவா? அன்று வெயிலா, மேகமா? தாளில் மேகக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறீர்கள். நீங்கள் கட்டத்தைக் காலியாக விட்டு நான் பார்த்ததே இல்லை.

அத்தைக்கு என் அன்பு.
சுஷ்மிதா


புதுப்பட்டினம்
5 நவம்பர் 2024

சுஷ்மிக்கு,

அனைவரும் நலம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. அத்தை முறுக்கு சுட்டு அனுப்பியிருக்கிறாள். கடினமாக இருந்தால் தண்ணீரில் நனைத்துக்கொள்.

அக்டோபர் கடைசி வரையிலான தாள்கள் இத்துடன். அடுத்த தாள்கள் வர மூன்று வாரம் தாமதமாகும். கருவியில் சின்னப் பராமரிப்பு வேலை. எங்கள் செக்‌ஷனில் இதை ஷட்டவுன் என்போம், பயப்படுகிற விஷயமில்லை.

கருத்தரங்கில் பேச நல்ல புடவையாக ஒன்று வாங்கிக்கொள். பூச்சி படம் போட்ட பனியனோடு மேடை ஏறாதே.

மாமா

(சுஷ்மி, அத்தை எழுதுறேன். அவர் நல்லாத்தான் இருக்கார். என்னை எதுவும் எழுதக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். அவரே எழுதுவார். முறுக்கு கடினமா இருக்காது.)


பெங்களூர்
14 நவம்பர் 2024

மாமாவுக்கு,

முறுக்கு நன்றாக இருந்தது. நீங்கள் அனுப்பியது கடிதம் மாதிரி இல்லை.

எந்தக் கருவிக்குப் பராமரிப்பு? உங்களிடம் இருப்பது ஒரு பொத்தான், ஒரு தெர்மாமீட்டர், இரண்டு கழி. மூன்று வருஷத்தில் ஜுரத்தோடுகூட நீங்கள் ஒரு மத்தியானத்தைத் தவறவிட்டதில்லை. போனில் கூப்பிட்டால் அத்தை எடுத்து, நீங்கள் குளிக்கிறீர்கள் என்கிறாள். நான்கு முறை கூப்பிட்டேன். நான்கு முறையும் குளிக்கிறீர்கள்.

டிசம்பர் பதினைந்துக்கு முன் எனக்குத் தாள்கள் வேண்டும். அதற்கு முன்னால் நீங்கள் வேண்டும்.

சுஷ்மிதா


புதுப்பட்டினம்
24 நவம்பர் 2024

அன்புள்ள சுஷ்மிதாவுக்கு,

நான் நலம். இந்த முறை இந்தச் சொல்லுக்கு அர்த்தம் உண்டு. நீயும் நலமாக இருந்து, உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

பராமரிப்பு நடந்த கருவி என் வலது கண். நவம்பர் எட்டாம் தேதி செங்கல்பட்டில் புரை எடுத்தார்கள். நீ போன் செய்தபோதெல்லாம் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அத்தையைப் பொய் சொல்ல வைத்தது நான்தான்; அவளைக் கோபிக்காதே.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். அக்டோபர் பதினெட்டாம் தேதி மத்தியானம் நல்ல வெயில். கட்டத்தைக் காலியாக விட்டதற்குக் காரணம், அதை எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று கை பயந்ததுதான். குப்பம்மாவின் பேச்சைச் சிரிப்பாக்கி உனக்கு எழுதினேனே தவிர, எனக்குள் அது சிரிப்பாக இல்லை. முப்பதாம் தேதி உச்சிவெயிலில் அவளைக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் நின்றேன். ஒவ்வொன்றாகக் கடக்கும்போது விரலால் காட்டு என்றேன். அவள் வாயால் எண்ணிக்கொண்டே காட்டினாள். விரல் போனது, சுஷ்மி. விரல் வடக்கேயிருந்து தெற்கே போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. அந்த விரலின் நுனியில் எனக்கு வெறும் வெள்ளை. மணலின் பளபளப்பும் வானத்தின் பளபளப்பும் ஒன்றாகச் சேர்ந்து அரிசிமாவு கொட்டின மாதிரி ஒரு வெள்ளை.

ஐந்தாவது நிமிடம் ஒரு மேகம் வந்து கொஞ்ச நேரம் சூரியனை மறைத்தது. உடனே அத்தனையும் அங்கே இருந்தன. இறக்கையின் நரம்பு தெரிகிற மாதிரி. எங்கிருந்தும் வந்து சேரவில்லை. அது வரைக்கும் அங்கேயேதான் பறந்துகொண்டிருந்திருக்கின்றன.

உன் கட்டுரையின் மேகம் அதுதான். மேகம் மூடிய மத்தியானத்தில் தட்டான்கள் திரும்பி வரவில்லை. என் கண் திரும்பி வந்தது.

அன்று குப்பம்மாவின் கணக்கு முப்பத்துநாலு. என் பொத்தானில் ஒன்பது. தாளில் ஒன்பதுதான் எழுதினேன், பார்த்தது அவ்வளவுதான் என்பதால். பொய் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் மூன்று வருஷமாக உண்மையையும் எழுதவில்லை.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு, வெளிச்சத்தில் கூசுகிற வகைப் புரை, காலையிலும் மாலையிலும் தொந்தரவு தெரியாது, இரண்டு மூன்று வருஷமாகவே மெதுவாக ஏறியிருக்கும் என்றார். இரண்டு கண்ணிலும் ஒரே அளவாம். இரட்டைப் பிள்ளைகள்.

ஐந்து நாள் இதை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற கடிதத்தில் இந்த யோசனையையும் மறைக்கக் கூடாது. கண்ணைச் சரிசெய்துகொண்டு பேசாமல் எண்ணினால் யாருக்குத் தெரியும், தட்டான் வந்து சாட்சி சொல்லவா போகிறது என்று மனசு கேட்டது. உன் மார்ச் மாதத்தை நினைத்தேன். என் பெயர் முதலில் வரும் அந்த நன்றியையும் நினைத்தேன். அப்புறம் கூடத்தில் இரண்டு கடிகாரமும் மாறி மாறி மணி அடித்தன.

அங்கேதான் வழி கிடைத்தது. அடுத்த வாரமே இடது கண்ணையும் முடித்துவிடலாம் என்றார் டாக்டரம்மா. வேண்டாம் என்றுவிட்டேன். தட்டான் பருவம் ஜனவரி நடுவில் முடியும். அது வரை என் முகத்தில் ஒரு பழைய மீட்டரும் ஒரு புது மீட்டரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கழிகளுக்கு நடுவே ஓடவிட்டு வித்தியாசத்தை எழுதிவிடுகிறேன். பழையதைக் கழற்றிவிட்டால் அப்புறம் உலகத்தில் எவனாலும் அது எவ்வளவு குறைத்துக் காட்டியது என்று சொல்ல முடியாது.

காத்திருந்தால் கண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று டாக்டரம்மா ஒப்புக்கொண்டார். காரணத்தைக் கேட்டுவிட்டு என் அத்தனை ரிப்போர்ட்டையும் மறுபடி ஒருமுறை புரட்டினார், தலையில் ஏதாவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்திருப்பார். டிசம்பர் இரண்டு முதல் மணலில் உட்காரலாம்.

திட்டுவதாக இருந்தால் முழுத்தாளில் திட்டு.

மாமா


பெங்களூர்
9 டிசம்பர் 2024

மாமாவுக்கு,

வலது கண் எப்படி இருக்கிறது? சொட்டு மருந்தைச் சொன்ன தேதிவரை விடுங்கள்.

இரண்டு வாரம் பதில் எழுதவில்லை. முதல் மூன்று நாள் உங்கள்மேல் கோபம். நாலாவது நாள் என்மேல். மூன்று வருஷமாக ஒரே மனிதரின் கண்ணை வைத்துக்கொண்டு, அந்தக் கண்ணைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. தெர்மாமீட்டரை வருஷாவருஷம் சரிபார்த்தேன். எழுத்து மூன்று கட்டத்துக்குப் பெரிசானதைப் பார்த்தும் பேனாவை நம்பினேன்.

போன திங்கள் கைடிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துக் கடிகாரம் வரும் இடத்தைப் படித்தார். “இவர் எங்கே வேலை பார்த்தவர்?” என்று மட்டும் கேட்டார். டிசம்பர் பதினைந்துக்குக் கட்டுரை போகாது. நானே நிறுத்திவிட்டேன். கருத்தரங்குக்கும் எழுதிவிட்டேன். மார்ச்சுக்குள் என்ன செய்வேன் என்று இப்போது தெரியாது. ஆனால் இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்தவளாக இருக்க எனக்கு விருப்பமில்லை.

இடது கண்ணை உடனே முடித்துக்கொள்ளுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அத்தையோடு பேசினேன். “அவர் கேட்க மாட்டார், நீயும் எழுதிக் காகிதத்தை வீணாக்காதே” என்றாள். டாக்டரம்மாவின் எண்ணை அத்தையிடம் வாங்கி அவரோடும் பேசினேன். கெடுதல் இல்லை என்பதை என் காதால் கேட்டுக்கொண்டேன். ஆகவே, செய்வதாக இருந்தால் ஒழுங்காகச் செய்யுங்கள்.

இரண்டு கண்ணால் எண்ணுவதும் ஒரு கண்ணால் எண்ணுவதும் ஒன்றல்ல. அதனால் ஒரு நேரத்தில் ஒரு கண்தான். மற்றதை மூட வேண்டும். ஐந்து நிமிடம் ஒன்று, ஐந்து நிமிடம் மற்றது. எது முதலில் என்பதை நீங்கள் முடிவு செய்யக் கூடாது, காசு சுண்டுங்கள். பொத்தானில் வந்த எண்ணை நீங்கள் பார்க்கக் கூடாது. அத்தை பார்த்து எழுதட்டும். அதே பத்து நிமிடமும் குப்பம்மாவை வேறாக எண்ணச் சொல்லுங்கள். ஒருவர் எண்ணை மற்றவர் கேட்கக் கூடாது.

உங்களை வேலையை விட்டு நீக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் கேட்க மாட்டீர்கள் என்பதால்.

சுஷ்மிதா


புதுப்பட்டினம்
22 டிசம்பர் 2024

வேலையை விட்டு நீக்காத மகாராணிக்கு, ஒரு கண் மூடிய அடிமை எழுதுவது.

வலது கண் சௌக்கியம். அதிகப்படியாகவே சௌக்கியம். கடல் இவ்வளவு நீலம் என்பதை யாரோ என்னிடம் மூன்று வருஷமாக மறைத்திருக்கிறார்கள். நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் இத்தனை அழுக்கு இருப்பதையும். அதை வாய்விட்டுச் சொன்னது தப்பு. இப்போது வெள்ளையடிக்கும் ஆள் நானே.

உன் உத்தரவுப்படி எல்லாம் நடக்கிறது. அத்தை கறுப்புத் துணியில் நாடா வைத்து ஒரு கண்மூடி தைத்துக் கொடுத்தாள். முதல் நாள் அதைக் கட்டிக்கொண்டு மணல்மேட்டில் உட்கார்ந்ததும், கடலில் போய்க்கொண்டிருந்த பதினேழு கப்பல்கள் கொள்ளைக்காரன் வந்துவிட்டான் என்று சரக்கை எல்லாம் நம் கரையில் கொட்டிவிட்டு இலங்கைக்கு ஓடிப்போயின. மாமல்லபுரம் பார்க்க வந்த நாலு வெளிநாட்டவர் என்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள்.

காசு சுண்டுவது அத்தை. எண்ணைப் பார்ப்பது அத்தை. நான் எட்டிப் பார்த்தால் குடைக்காம்பால் கையில் தட்டுவது அத்தை. முழங்கால் வலியோடு தினம் மூன்று வேளையும் குடை பிடித்துக்கொண்டு மணலில் வந்து உட்காருகிறாள். முப்பத்தேழு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இத்தனை நேரம் என்னைப் பேசாமல் இருக்கச் செய்தது இதுதான் முதல் தடவையாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

குப்பம்மாவை உட்கார வைத்தது பெரும்பாடு. மீன் எண்ணும் பழக்கத்தில் நாலு நாலாகத்தான் அவளுக்கு எண்ண வரும். தட்டானுக்கு எதற்கு நாலு, ஒன்றொன்றாக எண்ணு என்றேன். “நீ ஒண்ணொண்ணா எண்ணித்தான அண்ணாத்த கோட்ட வுட்ட” என்றாள். போய்க் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு வந்தேன். நாலுக்கு ஒரு கூழாங்கல் வீதம் மடியில் போட்டுக்கொள்கிறாள், மிச்சத்தை விரலில் வைத்துக்கொள்கிறாள். பத்து நிமிடம் முடிந்ததும் அத்தையின் காதில் போய்ச் சொல்கிறாள். பூச்சி எண்ணி என்ன பிரயோஜனம் என்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரு நாள் தானாகச் சொன்னாள்: “காத்து மாறுறத படகுல போறவனுக்கு முன்னால இதுங்க சொல்லும். அது தப்பாப் போனா எங்களுக்குத்தான் பேஜாரு. எண்ணு, நல்லா எண்ணு.”

நவம்பர் கடைசியில் அடித்த புயல் போன மறுவாரம் வந்த கூட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் கூட்டிச் சொல்லப் போவதில்லை. பத்து நாள் தாள் இத்துடன். நான் பார்க்கவில்லை. பார்க்காத தாளை அனுப்புவது என் வாழ்நாளில் இதுதான் முதல் முறை.

ஜனவரி பன்னிரண்டு வரை தொடரும்.

இப்படிக்கு,
பதினேழு கப்பல்களின் எதிரி,
மாமா


பெங்களூர்
27 ஜனவரி 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இருவரும் நலமா? அத்தை, முழங்காலுக்கு மணல் ஒத்துக்கொள்ளாது. இனி நாற்காலி ஒன்று கொண்டு போகச் சொல்லுங்கள். அதுவும் ஆய்வுக் கருவிதான்.

எல்லாத் தாளும் வந்து சேர்ந்தன. கணக்கு முடிந்தது. வெயில் மத்தியானம் மொத்தம் இருபத்தாறு. அவற்றில் புதுக் கண் பார்த்தது 412. பழைய கண் பார்த்தது 131. மேகமான மத்தியானங்களிலும், காலையிலும், மாலையிலும் இரண்டு கண்ணுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நிமிடக் கணக்கில் பார்த்தால் குப்பம்மாவின் கூழாங்கல் புதுக் கண்ணோடு கிட்டத்தட்ட ஒட்டியே போகிறது.

ஆகவே நான் கொண்டாடிய மத்தியான இறக்கத்தில் பெரும்பகுதி தட்டான்களுடையது அல்ல. முந்தைய மூன்று வருஷங்களில் உங்கள் புரை எந்த மாதம் எவ்வளவு இருந்தது என்று அறிய வழியில்லாததால், அந்த மத்தியானங்களைக் கோடிட்டு அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதை மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன்.

ஆனால் பெரும்பகுதி என்றுதான் சொன்னேன், முழுவதும் என்று சொல்லவில்லை. இந்த வருஷத் தாளில், மணல் நாற்பத்தைந்து டிகிரியைத் தாண்டிய ஒன்பது மத்தியானங்களில் எண்ணிக்கை கொஞ்சம் குறைகிறது. புதுக் கண்ணிலும் குறைகிறது, குப்பம்மாவின் கல்லிலும் குறைகிறது. சின்ன இறக்கம். நான் பழைய கட்டுரையில் எழுதியதில் கால்பங்குகூட இருக்காது. ஒரு பருவத்தை வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. பத்து வருஷம் எண்ணினால் சொல்லலாம். எண்ணலாம் என்று இருக்கிறேன்.

கைடு ஆறு மாதம் நீட்டிப்பு கேட்டு எழுதிக் கொடுத்தார், கிடைத்துவிட்டது. ஆய்வேட்டில் ஒரு புது அத்தியாயம் வருகிறது. பூச்சிகளை எண்ணுகிறவரின் கண்ணை எப்படி அளப்பது என்பது அதன் பொருள். எத்தனை ஊரில், எத்தனை வயசானவர்கள், எத்தனை வருஷமாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் தெரியுமா? அவர்களில் யாரும் தன் கண் குறைகிறது என்று எழுதி அனுப்பியதாக நான் படித்ததில்லை. நீங்கள் எழுதினீர்கள். போன நவம்பரில் நான் பயந்ததெல்லாம் அந்தக் கடிதம் என்னை முடித்துவிடும் என்றுதான். அதை வைத்துத்தான் இப்போது முடிக்கப் போகிறேன்.

பழைய மீட்டரைக் கழற்றலாம். பிப்ரவரி பத்து என்று டாக்டரம்மாவிடம் நானே தேதி வாங்கிவிட்டேன். ஒன்பதாம் தேதி காலை அங்கே இருப்பேன்.

அன்புடன்,
சுஷ்மிதா


புதுப்பட்டினம்
11 அக்டோபர் 2025

டாக்டர் சுஷ்மிதாவுக்கு (இதைத் தெருவில் பன்னிரண்டு பேரிடம் சொல்லியாகிவிட்டது; இந்த முறை பன்னிரண்டு பேரும் தாங்களாகக் கேட்டார்கள்),

அத்தை சௌக்கியம், நாற்காலி சௌக்கியம், சைக்கிள் சௌக்கியம். புதுவீட்டில் உனக்குத் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா? உன் அம்மா கேட்கச் சொல்லவில்லை, நானே கேட்கிறேன்.

கூடத்தில் பழைய கடிகாரத்தைக் கழற்றிவிட்டோம். ஒரு மாதம் என்று சொன்னது ஒரு வருஷம் ஆகிவிட்டது. ஒரு நாளைக்கு நாலு நிமிடம் பிந்துகிறது என்று ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகில் ஒட்டியிருக்கிறேன். அத்தைக்குத்தான் வருத்தம், அவளுக்கு வசதியான நேரம் போய்விட்டது.

ஐந்தாவது பருவத்தின் முதல் தாள் இத்துடன். நீ புதிதாகப் போட்ட கட்டங்களை நிரப்பியிருக்கிறேன். எண்ணுகிறவர் இருவர். கண் பரிசோதித்த தேதி ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதியிருக்கிறேன். குப்பம்மாவைப் பரிசோதனைக்கு அழைத்துப்போனேன். டாக்டரம்மா காட்டிய பலகையில் கடைசி வரியில் இருந்த எழுத்தை அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அதன் வளைவு எந்தப் பக்கம் என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டாள். கண் கழுகு மாதிரி என்று சான்றிதழ். அதிலிருந்து என்னை அவள் மதிப்பதே இல்லை.

இந்த வருஷத்தில் முதல் கூட்டம் நேற்று வந்தது. எவ்வளவு என்று உனக்குச் சொல்ல, கடிதத்தின் மேல்பகுதியில் ஒரு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அதில் நாலு கோடியும், ஒரு சூரிய கிரகணமும், சதுரங்கப்பட்டினம் கோட்டையும் வந்தன. எழுதி அடித்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

அக்டோபர் 10. மத்தியானம் பன்னிரண்டு மணி. மேகமில்லை. மணல் 46 டிகிரி. பத்து நிமிடம். நான் 31. குப்பம்மா 32.

அந்த ஒன்று எங்கே என்று நேற்றிலிருந்து சண்டை நடக்கிறது. “சவுக்குக் கழிய ஒட்டிப் போச்சு அண்ணாத்த, நீ பாக்கல” என்கிறாள். கழிக்கு வெளியே போனது கணக்கில் சேராது என்கிறேன் நான். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

தாளில் இரண்டையும் எழுதியிருக்கிறேன்.

மாமா